பதினோராவது தலை

சென்னையில் முப்பத்தொரு வருடம் சுற்றுலா வழிகாட்டியாக வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று அருப்புக்கோட்டைக்கு வந்து மூன்று வருடம் நான்கு மாதம் ஆகிறது. வீட்டு வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு அறுநூற்று எண்பது காலடி. காலையில் மூன்று மாத்திரை, இரவில் இரண்டு. கொடியில் காயும் துணியைக்கூட எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவேன். என் மனைவி இதை வியாதி என்கிறாள். தொழில் பழக்கம் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் பழைய கம்பெனியிலிருந்து போன் வந்தது. இப்போது மேனேஜராக இருப்பவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே இருந்தவர். வேன் கதவுகளில் கேமரா வைத்திருக்கிறார்களாம். ஏறுகிற தலைகளை அது எண்ணி டிரைவரின் போனில் காட்டிவிடுமாம். புதிதாகச் சேர்ந்த கைடுகள், இனிமேல் நாங்கள் எதற்கு எண்ண வேண்டும் என்று கேட்கிறார்களாம். "அந்தப் பரளச்சி குடும்பத்து விஷயத்தை நீங்களே எழுதிக் குடுங்க சார். நான் சொன்னா சிரிக்கிறாங்க" என்றார்.

சிரிக்கத்தான் சிரிப்பார்கள். நல்லபடியாக முடிந்ததால் நானும் சிரிக்கலாம். ஆனால் அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் பாலவனத்தம். அருப்புக்கோட்டையில் பள்ளிப்படிப்பு, மதுரையில் சரித்திரத்தில் பட்டம். வேலை தேடிச் சென்னைக்குப் போய், ஆறு மாதம் கோட்டை, கோயில், சர்ச், மியூசியம் என்று மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டேன். அவ்வளவுதான் பயிற்சி. முதல் வருடம் முழுக்க அதிகமாகப் பேசினேன். ஒருநாள் கோட்டை வாசலில், விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி, கொஞ்சம் பாக்க விடுங்க" என்றார். அதிலிருந்து குறைத்துக்கொண்டேன்.

எங்கள் கம்பெனியில் கூட்டத்தோடு போகும் பஸ் கிடையாது. ஒரு குடும்பம், ஒரு வேன், ஒரு கைடு, ஒரு நாள். காலை ஏழு மணிக்கு லாட்ஜ் வாசலில் ஏற்றி, சாயங்காலம் ரயிலிலோ லாட்ஜிலோ விடுவோம். வந்தவர்கள் எங்கே அதிக நேரம் நிற்க ஆசைப்படுகிறார்களோ அங்கே நிற்கலாம். தென்மாவட்டத்துக் குடும்பம் என்றால் எனக்குத்தான் வரும். அவர்கள் பேச்சு எனக்கும் வரும் என்பதுதான் காரணம்.

கம்பெனியை நடத்தியவர் தாமோதரன் சார். நான் பார்த்த மேலதிகாரிகளில் கத்தாத ஒரே மனிதர். மேஜைமேல் ஒரு சிலேட்டும் சாக்பீஸும் தவிர எதுவும் இருக்காது. காலையில் ஒவ்வொரு வேனுக்கும் எத்தனை பேர் என்று சிலேட்டில் எழுதுவார். ஒவ்வோர் இடத்திலிருந்தும் வேன் நகருவதற்கு முன்னால் கைடு அவருக்குப் போன் செய்ய வேண்டும், ஆரம்ப வருடங்களில் ரோட்டோரப் பூத்திலிருந்து, பிறகு செல்போனில். "எத்தனை?" என்பார். எண்ணைச் சொல்ல வேண்டும். சிலேட்டில் ஒரு புள்ளி வைப்பார். போனை வைத்துவிடுவார். சரி என்றுகூடச் சொல்லமாட்டார். மழையா, டிராஃபிக்கா, சாப்பிட்டார்களா, எதுவும் கேட்கமாட்டார். ஒருமுறை நானாக, எல்லாரும் சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். "சந்தோஷமா இருக்காங்களான்னு அவங்களே சொல்வாங்க. எத்தனை பேர் இருக்காங்கன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார்.

இந்த விதி வந்ததற்கும் நான்தான் காரணம். இரண்டாம் வருடத்தில், கோட்டைப் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் மூழ்கிப்போன கோயம்புத்தூர் வாத்தியார் ஒருவரை விட்டுவிட்டு வேனை எடுத்துவிட்டேன். அவர் ஆட்டோ பிடித்து, அடுத்த இடத்தில் எங்களுக்கு முன்னால் வந்து நின்று கை ஆட்டினார். அவர் கோபப்படவில்லை. தாமோதரன் சாரும் கோபப்படவில்லை. மறுநாள் காலை மேஜைமேல் சிலேட் இருந்தது.

அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பரளச்சிக் கிராமத்துக் குடும்பம் வந்து பன்னிரண்டு வருடம் இருக்கும். பெண்கள் ஆறு பேர், ஆண்கள் ஐந்து பேர். மூத்தவர் கருப்பையா. மானாவாரி நிலம் வைத்திருந்தவர், அறுபதை நெருங்கியவர். அவருடைய தம்பி இருளப்பனுக்காகத்தான் எல்லாரும் சென்னைக்கு வந்திருந்தார்கள். ஏழு மாதம் முன்னால் டிராக்டரிலிருந்து விழுந்து, தலையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. முதல் நாள் பெரிய டாக்டர் பார்த்துவிட்டு, மண்டைக்குள் எல்லாம் சரியாக இருக்கிறது, பேச்சு மெதுவாகத்தான் வரும், வலிப்பு மாத்திரையை மட்டும் ஒருவேளையும் தவறவிடாதீர்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நிம்மதியில்தான் ஒருநாள் ஊர் சுற்ற ஆசைப்பட்டார்கள்.

இருளப்பனுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். தழும்பு தெரியாமல் தலையில் எப்போதும் துண்டு கட்டியிருப்பார். ஏதாவது கேட்டால் பதில் உள்ளே எங்கோ கிளம்பிவருவது முகத்தில் தெரியும், வாய்க்கு வந்துசேராது. அதற்குள் வேறொருவர் அவருக்காகப் பதில் சொல்லிவிடுவார்கள். மனைவி பேச்சியம்மாள் பையில் மாத்திரையை வைத்திருந்தார். காலை ஏழு, மதியம் ஒன்று, இரவு எட்டு என்று என்னிடமும் சொல்லிவைத்தார். என்னிடம் ஒரு நேரத்தைச் சொன்னால் அது எனக்குள் அலாரம் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

மயிலாப்பூர் கோயிலில் பதினொன்று. கலங்கரை விளக்கத்தில் லிப்டில் மேலே போகும்போது பதினொன்று, கீழே வரும்போது பதினொன்று. பிறகு கடற்கரை. லாட்ஜிலிருந்தே புளிச்சோறும் அருப்புக்கோட்டைக் காராச்சேவும் கொண்டுவந்திருந்தார்கள். மணலில் வட்டமாக உட்கார்ந்து பதினொரு மணிக்கே சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். காக்கி பேண்ட், வெள்ளைச் சட்டை. கொஞ்சம் தள்ளி நின்று பேச்சைக் கேட்டுவிட்டு, "அண்ணே, எந்தூரு?" என்றார். பரளச்சி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் மல்லாங்கிணறு. எழும்பூரில் ஒரு கட்டடத்தில் காவலாளி, மத்தியான டூட்டி. எங்கள் பக்கத்தில் வெளியூரில் நம்மூர்ப் பேச்சுப் பேசுகிறவனைப் பார்த்துவிட்டால் நிற்கவைத்துப் பேசி அனுப்பமாட்டார்கள். உட்காரவைத்து, இலையைப் போட்டு, யாருக்கு யார் என்று தோண்டிக்கொண்டே போவார்கள், ஏதாவது ஓர் உறவுமுறை அகப்படுகிற வரைக்கும். கருப்பையாவின் சம்பந்தி வீட்டுக்கு அவர் மாமன் முறை என்று வந்து முடிந்தது. நானும் சும்மா இருக்கவில்லை. மல்லாங்கிணற்றில் எந்தத் தெரு என்று கேட்டு, எனக்குத் தெரிந்த இரண்டு பேரை விசாரித்தேன். அதில் பத்து நிமிடம் போயிற்று.

பதினொன்று முப்பத்தைந்துக்கு, வண்டியைக் கிட்டே கொண்டுவரச் சொல்ல நான் முன்னால் நடந்தேன். பார்க்கிங் காசு கட்டிவிட்டு வேனுக்குப் பின்னால் நான் நடந்து வந்தபோது எல்லாரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கதவருகே நின்று, முன்னாலிருந்து பின்னால் தலைகளை எண்ணினேன். கடைசி வரிசை இடது மூலையில், காலையிலிருந்து இருளப்பன் உட்கார்ந்திருந்த இடத்தில், துண்டு கட்டிய தலை ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது. பதினொன்று.

"எத்தனை?"

"பதினொண்ணு, சார்."

வேன் கிளம்பியது. எழும்பூர் மியூசியத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. இறங்கும்போதும் எண்ணுவது என் வழக்கம். ஒன்பது, பத்து. பதினோராவதாக, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, மல்லாங்கிணற்றுக்காரர் இறங்கினார்.

வெயிலுக்காகத் துண்டு கட்டியிருந்தார். நம் வண்டி எழும்பூர்தானே போகிறது, ஏறுங்கள் இறக்கிவிடுகிறோம் என்று கருப்பையா கையைப் பிடித்து ஏற்றியிருக்கிறார். அதில் தப்பே இல்லை. வந்தவரோடு உறவுமுறை பேசிக்கொண்டு கருப்பையா பின்வரிசைக்கே போய்விட்டார். பேச்சியம்மாளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது. முன்னால் ஜன்னலோரம், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அவுகள எங்க?" என்றார் பேச்சியம்மாள்.

"உங்கிட்ட முன்னாலல்ல இருக்கான்னு நெனச்சேன்" என்றார் கருப்பையா.

"பின்னால உங்ககூட இருக்காகன்னுல்ல நான் இருந்தேன்."

கதவில் கேமரா அன்றைக்கு இருந்திருந்தால், அதுவும் பதினொன்று என்றுதான் சொல்லியிருக்கும்.

மணி பன்னிரண்டு ஏழு. தன் பேரைச் சொல்ல முடியாத ஒருவரை, போன் இல்லாமல், சட்டைப்பையில் ஒரு சீட்டுகூட இல்லாமல், நான் கடலோரத்தில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரு மணிக்கு அவருக்கு மாத்திரை. அது மனைவியின் பையில் இருக்கிறது. அவர் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் என்கிற நினைப்பும் வந்தது. வேன் படியில் உட்கார்ந்துவிட்டேன். பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். மருமகன்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஆட்டோ பிடித்துத் தேடப்போகிறோம் என்று ரோட்டுக்கு ஓடினார்கள்.

தாமோதரன் சாருக்குப் போன் செய்தேன். நடந்ததை ஐந்து வாக்கியத்தில் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்.

"எண்ணுனீங்களா, பாத்தீங்களா?"

"எண்ணுனேன், சார்."

பிறகு, வழி சொல்கிற குரலில், ஒவ்வொன்றாகச் சொன்னார். மருமகன்களைத் திரும்பக் கூப்பிடுங்கள், ஒருவரைத் தேடப்போய் மூன்று பேரைத் தொலைக்க வேண்டாம். எல்லாரையும் மியூசியம் வாசல் மரத்தடியில் உட்காரவையுங்கள். மனைவியை மட்டும் கூட்டிக்கொண்டு, கடைசியாக அவரைப் பார்த்த இடத்துக்குப் போங்கள். கடற்கரைப் போலீசுக்கு நான் சொல்லிவிடுகிறேன். "கூப்பிட்டுத் தேடாதீங்க. பதில் சொல்றவங்களைத்தான் கூப்பிட்டுத் தேடணும். அவர் என்ன செய்வார்னு அந்தம்மாவைக் கேளுங்க."

மல்லாங்கிணற்றுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "நான் ஏறுனதுனாலதேன்" என்று இரண்டு தடவை சொன்னார். டூட்டிக்குப் போகாமல், நீங்க போயிட்டு வாங்க, இந்த ஒம்பது பேரையும் நான் பாத்துக்கிறேன் என்று மரத்தடியில் அவர்களுக்கு எதிரே நின்றுகொண்டார்.

டிரைவர் அந்தோணி ஓட்டிய ஓட்டத்தை இங்கே எழுதுவது சரியில்லை. அவுக என்ன செய்வாக என்று பேச்சியம்மாளைக் கேட்டேன். மடியில் பையை வைத்து உள்ளே கைவிட்டு ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். மாத்திரை டப்பா, துண்டு, டம்ளர். திரும்பவும் முதலிலிருந்து. கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்தபோது கை நின்றது.

"சார், பாட்டிலக் காணோம்."

பிறகு அவரே சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் கேனில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பாத்திரத்தைக் கட்டிக்கொண்டே, பக்கத்தில் நின்றவர் கையில் பாட்டிலைக் கொடுத்து, தண்ணி கிடைக்கிதான்னு பாத்துட்டு வாங்க என்று சொல்லியிருக்கிறார். விழுவதற்கு முன்னால் தினமும் காலையில் வண்டியில் எட்டுக் குடம் கட்டிக்கொண்டு இரண்டு மைல் போய் நல்ல தண்ணீர் கொண்டுவந்தவர் அவர்தான். வீட்டு போர்வெல்லில் வருவது வாயில் வைக்க முடியாத உப்பு. விழுந்த பிறகு இந்த ஏழு மாதமாக அவரை யாரும் எந்த வேலையும் ஏவவில்லை, ஒரு செம்பைக்கூட எடுக்க விடவில்லை. அன்றைக்கு ஏதோ பழைய ஞாபகத்தில் வாயில் வந்துவிட்டது.

"நாந்தேன் சொன்னேன். சொன்னதையே மறந்துட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவுக வெறும் பாட்டிலோட வரமாட்டாக சார். தண்ணி எங்க இருக்கோ அங்கதேன் இருப்பாக" என்றார்.

கடலைப் பார்த்துக்கொண்டு இறங்கிய நான் அதற்கு முதுகைக் காட்டித் திரும்பினேன். இருபது வருடத்துக்கு மேல் அந்த இடத்தைப் பற்றிப் பேசிப் பிழைத்தவன். கலங்கரை விளக்கத்துக்கு எத்தனை மாடி, கடற்கரை எவ்வளவு நீளம், எல்லாம் சொல்வேன். குடிக்கிற தண்ணீர் அங்கே எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியாது. சுண்டல் விற்றவரிடம், நீங்கள் எங்கே தண்ணீர் பிடிப்பீர்கள் என்று கேட்டேன். தெற்கே, மீனவர் குடியிருப்பைக் காட்டினார்.

இருநூற்றுப் பத்துக் காலடி. வலை காய்ந்த இடத்தைத் தாண்டி இரண்டு வீடுகளுக்கு நடுவில் ஓர் அடிபம்பு. அதைச் சுற்றிப் பெண்கள். பச்சை, ஆரஞ்சு, நீலம் என்று பிளாஸ்டிக் குடங்கள் வரிசையாக இருந்தன. தலையில் துண்டு கட்டிய ஒருவர் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, இரண்டு கையாலும் பம்பை அடித்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை நான் தலையை நம்பவில்லை. சுற்றிப்போய் முகத்தைப் பார்த்தேன். இருளப்பன்தான். வியர்வை வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், உங்க ஆளா?" என்றார் குடத்தோடு நின்ற ஒரு பெண். "ஒரு மணி நேரமா அடிச்சிக்கினே கீறாரு. பேரு கேட்டா சிரிக்கிறாரு. இங்கியே வுட்டுட்டுப் போ சார், நாங்க சோறு போட்டுக்கிறோம்."

பேச்சியம்மாள் அழுகையும் கோபமுமாக, "ஊருல எங்க தெருவுக்குச் செமந்தது பத்தலையாக்கும், கடக்கரைக்கும் வந்து அடிக்கிறாக" என்று சொல்லிக்கொண்டே அவர் கையைப் பிடித்து, வாங்க போவோம் என்று இழுத்தார். அவர் வரவில்லை. மூன்று விரலைக் காட்டினார். எங்களுக்குப் புரியவில்லை. அவர் முகத்தில் ஏதோ கிளம்பியது. நெற்றி சுருங்கியது. யாரும் குறுக்கே பேசவில்லை. அந்தப் பெண்களுக்கு அவர் அதற்குள் பழகிவிட்டிருந்தார், காத்திருந்தார்கள்.

"வரிசை" என்றார்.

அப்போதுதான் நான் குடங்களைப் பார்த்தேன். வரிசையில், மூன்று குடங்களுக்குப் பின்னால், அவர்களுடைய ஒரு லிட்டர் பாட்டில் மூடி இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் அதையும் ஒரு குடமாகவே மதித்து நகர்த்திக்கொண்டு வந்திருந்தார்கள். அவர் வந்தபோது அது இருபதுக்கும் பின்னால் இருந்ததாம். ஒரு பாட்டில்தானே, முதலில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லியும் கேட்கவில்லையாம். நல்ல தண்ணீருக்கு வரிசையைத் தாண்டினால் எங்கள் பக்கத்தில் பெரிய சண்டையே நடக்கும். அவர் எப்படித் தாண்டுவார்?

பன்னிரண்டு ஐம்பத்திரண்டு. தாமோதரன் சாருக்குப் போன் செய்து, கிடைத்துவிட்டார், ஆனால் மூன்று குடம் பாக்கி இருக்கிறது என்றேன். இதைக் கேட்டு அவர் ஆச்சரியப்படவில்லை. "முடிச்சுட்டே வாங்க" என்றார்.

ஒரு குடத்துக்கு நாற்பது அடி. முதல் குடம் அவர் அடித்தார். இரண்டாவதை நான் வாங்கி அடித்தேன், பாதியில் எனக்கு மூச்சு வாங்கிற்று, பெண்கள் கேலி செய்தார்கள். மூன்றாவதை அந்தோணி முடித்தான். பாட்டிலுக்கு வெறும் மூன்று அடிதான். பேச்சியம்மாள் மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தபோது ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அவர் விழுங்கினார். நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு மூச்சு விட்டதில்லை.

எங்களைக் கண்டதும் மரத்தடியில் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். கருப்பையா தம்பியின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஏலே, ஒரு பாட்டிலு தண்ணி கேட்டா மெட்ராஸக் காலி பண்ணிட்டு வாரியா?" என்றார். மல்லாங்கிணற்றுக்காரர், ஒன்பது பேரும் அசையவில்லை சார், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் பார்த்தேன் என்று என்னிடம் ஒப்படைத்துவிட்டு டூட்டிக்கு ஓடினார்.

மியூசியத்தில் அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று எனக்கு ஞாபகமில்லை. பார்த்துவிட்டு வந்து வேனில் ஏறியதும் இருளப்பன் பாட்டிலை அண்ணன் கையில் கொடுத்தார். மிச்சம் முக்கால் பாட்டில் இருந்தது. கருப்பையா அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்து, நாக்கைச் சப்பி, கடலுக்குப் பக்கத்தில் தண்ணீர் இப்படி இனிக்குமா என்று கேட்டுப் பின்னால் கொடுத்தார். அது ஒவ்வொரு கையாகப் போயிற்று. நான் கதவருகே நின்று, அண்ணாந்த ஒவ்வொரு முகத்தையும் பார்த்தேன். கருப்பையா, அவர் சம்சாரம், இரண்டு மகள்கள், இரண்டு மருமகன்கள், தங்கை, தங்கை வீட்டுக்காரர், அவர்கள் மகள், பேச்சியம்மாள். கடைசியாக இருளப்பன். அவர் குடித்துவிட்டு அடியில் ஒரு மடக்கு வைத்து என்னிடம் நீட்டினார்.

போன் செய்தேன்.

"எத்தனை?"

"பாத்துட்டேன், சார்" என்றேன்.

சிலேட்டில் சாக்பீஸ் தொடுவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார்.